வெட்டப்பட்ட லீ-என்ஃபீல்டை மீண்டும் ராணுவ உருவத்துக்குக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

லீ-என்ஃபீல்டு என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளின் முன்கட்டையை, அதாவது குழலுக்குக் கீழே ஓடும் மரத்தை, வெட்டி எறிய ஒரு ரம்பமும் அரைமணி நேரமும் போதும். வெட்டியதை ஒழுங்காகத் திரும்பப் பொருத்த எனக்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் கற்றுக்கொண்டதையும், அதற்குப் பிறகு செய்த துப்பாக்கிகளில் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவங்கள் கழித்துவிட்ட ரைஃபிள்கள் பெருமளவில் மலிவாகச் சந்தைக்கு வந்தன. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா என்று எல்லா இடத்திலும் வேட்டைக்காரர்கள் அவற்றை வாங்கினார்கள். ஏறக்குறைய 4 கிலோ எடையைத் தோளில் சுமந்து மலையேற யாருக்கும் விருப்பமில்லை. அதனால் முன்கட்டையைப் பாதியில் வெட்டினார்கள், குழலின் மேலே இருந்த மர மூடிகளான ஹேண்ட்கார்டுகளைக் கழற்றிப் போட்டார்கள், முன்முனையில் இருந்த இரும்பு மூடியான நோஸ் கேப்பைத் தூக்கி எறிந்தார்கள். சிலர் தொலைநோக்கி பொருத்த, குழல் வந்து சேரும் இரும்பு உடலான ரிசீவரில் துளையும் போட்டார்கள். இப்படி மாற்றியதைத்தான் 'ஸ்போர்ட்டர்' என்கிறோம். அன்றைக்கு அது பழைய சாமான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கெடாத துப்பாக்கிகள் குறைந்துவிட்ட இந்தக் காலத்தில், மீட்கக்கூடியதை மீட்பது நல்ல வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லா ராணுவ ரைஃபிளுக்கும் ஒரே வழிகாட்டி எழுத முடியாது. எனக்கு நன்றாகப் பழகிய ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். 1907இல் வந்த, நம்மவர்கள் 'த்ரீ நாட் த்ரீ' என்று சொல்லும் ஷார்ட் மேகசின் லீ-என்ஃபீல்டு மார்க் 3, அதன் எளிமையாக்கப்பட்ட தம்பியான 1916ஆம் ஆண்டின் மார்க் 3 ஸ்டார். 1926இல் பெயர் முறை மாறியபோது இவை 'நம்பர் 1' ஆயின. மௌசரோ ஸ்பிரிங்ஃபீல்டோ உங்களிடம் இருந்தால் உறுப்புகள் வேறாக இருக்கும். வேலையின் முறை பெரும்பாலும் இதேதான்.

சட்ட விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம். பல நாடுகளில் முழுத் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தனிக் குழலுக்கும், தோட்டாவை உள்ளே தள்ளி அறையை மூடும் போல்ட்டுக்கும்கூட உரிமம் வேண்டும். பிரிட்டனில் குழல் மாற்றிய துப்பாக்கியை, அதன் வலிமையைச் சுட்டுப் பார்க்கும் புரூஃப் சோதனைக்கு அனுப்பாமல் விற்பது குற்றம். எந்த உறுப்பையும் வாங்கும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் படி: இது மீட்கத் தக்கதா?

துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைப் பின்னால் முழுதாக இழுத்து, அதன் தலையை மேல்நோக்கித் திருப்பிப் பிடிப்பிலிருந்து விடுவித்து, வெளியே உருவுங்கள். தோட்டா உட்காரும் அறைக்குள் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். இந்த வேலை முடியும்வரை நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே தோட்டா இருக்கக் கூடாது.

அப்புறம் மூன்று இடங்களைப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

ஒன்று, குழலின் நீளம். போல்ட்டைத் திரும்பப் போட்டு மூடி, துடைக்கும் கம்பியை வாய்ப்பக்கமாக விட்டு, போல்ட் முகத்தில் முட்டும் இடம்வரை அளந்தால் 25.2 அங்குலம், அதாவது 640 மில்லிமீட்டர் வர வேண்டும். ஒரு அங்குலம் குறைந்தாலும் நோஸ் கேப் சரியாக உட்காராது. வெட்டிய குழலுக்கு மாற்றுக் குழல் ஒன்றுதான் வழி. அதை உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்தான் செய்ய வேண்டும், செலவும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிடக் கூடிவிடலாம்.

இரண்டு, ரிசீவரின் மேல் வளைவு. ஐந்து தோட்டாக்கள் கொண்ட சார்ஜரைச் செருகுவதற்காக ரிசீவருக்குக் குறுக்கே ஒரு பாலம் இருக்கும். தொலைநோக்கி வைக்க விரும்பியவர்கள் அதை அரைத்து எடுத்திருப்பார்கள். அது போயிருந்தால் அந்தத் துப்பாக்கியை விட்டுவிடுங்கள். நல்ல ஸ்போர்ட்டராகவே அது வாழட்டும்.

மூன்று, துளைகள். ரிசீவரின் பக்கவாட்டில் மரையிட்ட துளைகள் இருந்தால் கவலைப்பட வேண்டாம். அளவான திருகை இறக்கி, தலையை மட்டமாக அராவி, கறுப்பேற்றினால் பார்வைக்கு மறையும். வெல்டிங் மட்டும் செய்யவே கூடாது. ரிசீவரின் வலிமை அதன் வெப்பப் பதத்தில் இருக்கிறது. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும், கெட்டது வெளியே தெரியவும் தெரியாது.

பின் பார்வைக்குறி கழற்றப்பட்டிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். அதன் அடித்தளம் குழலோடு ஈயப்பற்று வைத்து, குறுக்கே ஆணி அடித்துப் பொருத்தப்பட்டது. திரும்ப வைப்பது வீட்டு மேசை வேலை அல்ல.

இவ்வளவு பார்த்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி. இது உண்மையிலேயே பின்னால் யாரோ வெட்டியதுதானா? முதல் உலகப் போருக்கு முன்பே பி.எஸ்.ஏ. நிறுவனம் 'லீ-ஸ்பீட்' என்ற பெயரில் வேட்டைத் துப்பாக்கிகளைச் செய்து விற்றது. அவை பிறந்ததே அந்த உருவத்தில்தான். அதை 'மீட்கப்' போனால் ஓர் அரிய பொருளை அழித்தவர் ஆவோம். பார்க்கர்-ஹேல் போன்ற நிறுவனங்கள் தங்கள் பட்டறையில் மாற்றி விற்றவற்றையும் நான் தொடுவதில்லை. இன்னொரு வகை, இஷாப்பூர் தொழிற்சாலை காவல் பணிக்காக .410 ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாக மாற்றியது. அது அரசே செய்த மாற்றம், அதுவே அதன் வரலாறு. இஷாப்பூரின் 1960களின் 2ஏ, 2ஏ1 ரைஃபிள்கள் பார்க்க இதே போல இருந்தாலும் அவை 7.62 தோட்டாவுக்கானவை. உறுப்பு வாங்கும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம். 'டி.பி.' என்று குத்தியிருந்தால் அது பயிற்சி அணிவகுப்புக்கு மட்டும் ஒதுக்கிய துப்பாக்கி. அதைச் சுடும் நிலைக்குக் கொண்டுவர முயலாதீர்கள்.

இரண்டாம் படி: குறிகளைப் படித்தல்

தோளில் வைக்கும் பின்கட்டை செருகும் இரும்புச் சாக்கெட்டின் வலப்புறம் பாருங்கள். கிரீடம், அதன் கீழே அரசரின் எழுத்துகள், தொழிற்சாலை, ஆண்டு, மாடல். என்ஃபீல்டு, பி.எஸ்.ஏ., லண்டன் ஸ்மால் ஆர்ம்ஸ், ஆஸ்திரேலியாவின் லித்கோ, வங்காளத்தின் இஷாப்பூர் ஆகியவைதான் அடிக்கடி கண்ணில் படுபவை. வரிசை எண் ரிசீவரின் முன்வளையம், குழல், போல்ட் கைப்பிடியின் பின்புறம், பின் பார்வைக்குறியின் அடிப்பக்கம், நோஸ் கேப், முன்கட்டையின் அடி என்று பல இடங்களில் இருக்கும். ஸ்போர்ட்டரில் கடைசி இரண்டும் போயிருக்கும். மீதி நான்கும் பொருந்தினால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டும் குறி இருந்தால், அது ராணுவம் முறையாக விற்றுவிட்டது என்று பொருள்.

ஆண்டும் மாடலும் ஏன் முக்கியம்? எந்தக் கட்டை வாங்க வேண்டும் என்பதை அவைதான் முடிவு செய்கின்றன. மார்க் 3இல் மேகசினை மூடும் கட்ஆஃப் தகடு உண்டு. தொலைதூரக் கூட்டுச் சூட்டுக்கான வாலி சைட் முன்கட்டையின் இடப்புறம் இருக்கும். போரின் அவசரத்தில், 1916இல், ஸ்டார் மாடல் வந்தபோது இவை இரண்டையும் விட்டுவிட்டார்கள். 1914ஆம் ஆண்டு மார்க் 3க்கு ஸ்டார் கட்டையை மாட்டினால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும். மார்க் 3 கட்டைகளும் வாலி சைட் உறுப்புகளும் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். வாங்குவதற்கு முன்பே இது தெரிந்திருப்பது நல்லது.

இங்கே நான் எடுத்திருக்கும் ஒரு நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 1917இல் பிறந்த துப்பாக்கி இரண்டாம் போரின்போது தொழிற்சாலைக்குப் போய் முழுப் பழுதுபார்ப்பு கண்டிருக்கலாம். குழல் 1942, போல்ட் வேறு எண், அதற்கேற்ற முத்திரைகள். அப்படியானால் 'அசல் நிலை' என்பது எது? என் பதில்: ராணுவத்தை விட்டு வெளியேறிய நாளில் அது இருந்த நிலை. 1917ஆம் ஆண்டுக்குத் திரும்ப முயன்றால், அது இடையில் ஆற்றிய பணியின் தடங்களையும் சேர்த்து அழிக்க நேரும்.

மூன்றாம் படி: உறுப்புகளைச் சேர்த்தல்

பெரிய உறுப்புகள்: முன்கட்டை, முன் ஹேண்ட்கார்டு, பின் ஹேண்ட்கார்டு, நோஸ் கேப், கட்டையை வெளியே சுற்றிப் பிடிக்கும் வெளிப்பட்டை, தேவைப்பட்டால் பின்கட்டை. சிறியவை: நோஸ் கேப்பின் முன் திருகு, பின்னால் குறுக்கே போகும் திருகும் நட்டும், குழலைச் சுற்றும் உள்பட்டை, அதன் திருகு, சுருள்வில், வாஷர், நோஸ் கேப்புக்குள் குழலை மேலே தள்ளும் சிறு முளையும் அதன் சுருள்வில்லும், ட்ரிகர் கார்டு (விசையைச் சுற்றிய இரும்பு வளைவு) முன் திருகின் காலர், பின் பார்வைக்குறியைக் காக்கும் காதுகள்.

பெரியவை எளிதில் கிடைத்துவிடும். என்னை அலைய வைத்தது உள்பட்டைத் திருகும் அதன் சுருள்வில்லும்தான். ஆகவே சிறிய உறுப்புகள் முழு செட்டாக விலைக்கு வந்தால் முதலில் அதை வாங்குங்கள். ஒரு பழைய முன்கட்டை எல்லா இரும்பும் ஒட்டியபடியே கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

மரம் வாங்கும்போது நிறத்தைவிட இனத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் பெரும்பாலும் வால்நட், பிற்காலத்தில் பீச்சும் உண்டு. லித்கோவில் குவீன்ஸ்லாந்து மேப்பிள், கோச்வுட். கோச்வுட் கட்டைக்கு ரேகையும் எடையும் வேறு. எவ்வளவு சாயம் பூசினாலும் அது வால்நட் ஆகாது.

நான்காம் படி: கழற்றும் வரிசை

இந்தத் துப்பாக்கியில் அதிகம் பேர் செய்யும் தவறு இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. நானும் செய்தேன். பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீண்ட போல்ட்டின் முனை சதுரமானது. அந்தச் சதுரம் சாக்கெட்டைத் தாண்டி வந்து, முன்கட்டையின் பின்முனையில் உள்ள ஒரு சிறு தகட்டின் பிளவில் உட்கார்ந்திருக்கும். போல்ட் தானாகத் தளராமல் இருக்கவே அந்த ஏற்பாடு. முன்கட்டை மாட்டியிருக்கும்போதே பின்கட்டைப் போல்ட்டைத் திருகினால், சதுரம் திரும்பி, தகட்டை நெம்பி, முன்கட்டையின் பின்முனையைப் பிளந்துவிடும். என்னுடைய முதல் துப்பாக்கியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. முன்கட்டையைக் கழற்றிய பிறகுதான், நூறு வருடம் தாங்கிய மரம் என் கையால் இரண்டாகப் பிளந்திருப்பதைப் பார்த்தேன். அதனால் எப்போதும் முன்கட்டை முதலில், பின்கட்டை பிறகு.

திருகுகளின் பிளவு அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண திருப்புளியின் முனை ஆப்பு வடிவில் இருப்பதால் பிளவின் விளிம்பைத் தின்றுவிடும். பக்கங்களை இணையாக அராவி எடுத்துக்கொள்ளுங்கள். இறுகிப்போன திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுங்கள்.

ட்ரிகர் கார்டைக் கழற்றியதும் முன்கட்டை வெளியே வரும். அதை முன்முனையில் பிடித்துக் கீழே நெம்பாதீர்கள். அப்படிச் செய்தால் பின்பக்க உட்புறத்தில் உள்ள முக்கியமான மரம் பெயர்ந்து வரும். மரக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி, முன்னும் பின்னும் ஒரே சீராக இறக்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சுத்தம் செய்வது, தொடாமல் விடுவது

மரத்தில் உப்புத்தாள் போடாதீர்கள். பழைய கட்டையில் இருக்கும் சோதனை முத்திரைகள், வரிசை எண், இரும்பும் மரமும் ஒரே மட்டத்தில் கூடும் விளிம்புகள் எல்லாம் உப்புத்தாளில் போய்விடும். அதன் பிறகு எந்த மீட்பும் கிடையாது. டர்பன்டைனில் நனைத்த துணியால் அழுக்கைத் துடையுங்கள். எண்ணெய் ஊறிக் கறுத்த இடங்களுக்குச் சாக்கட்டித் தூளைக் கரைப்பானில் குழைத்து அப்பி, வெயிலில் காயவிட்டால், தூள் எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பாகும். தட்டிவிட்டு மறுபடி அப்புங்கள். குழிகளின் மேல் ஈரத்துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் தொட்டால், நசுங்கிய நார் ஆவியில் உப்பி எழும். அறுபட்ட நார் எழாது, அதை அப்படியே விடுங்கள்.

இரும்புக்கு மெல்லிய எண்ணெயும் 0000 எண் ஸ்டீல் உல்லும் போதும். சிவந்த துரு படிந்த சிறு உறுப்புகளை எண்ணெய்ப் பசை போகக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் சிவப்புத் துரு கறுப்பாக மாறும். உதிர்வதை மென்மையாகத் தேய்த்து எடுத்து, சூடு ஆறும் முன் எண்ணெய் பூசுங்கள். பழைய கறுப்பு அப்படியே காப்பாற்றப்படும். மறு கறுப்பேற்றம் எப்போது? யாராவது முன்பே பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கியிருந்தால் மட்டும். தேய்ந்து சாம்பல் நிறமான இடங்கள் கைகள் பிடித்த இடங்கள். அவற்றை மறைக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஆறாம் படி: முன்கட்டை, அதாவது உண்மையான வேலை

உங்கள் முன் இரண்டு வழிகள். வேறொரு முழுக் கட்டையை வாங்கிப் பொருத்தலாம். அல்லது வெட்டப்பட்ட கட்டைக்கே முன்பகுதியை ஒட்டலாம். வெட்டு வெளிப்பட்டை இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் விழுந்திருந்தால் நான் இரண்டாவதையே சொல்வேன். காரணம், கட்டையின் உயிர் அதன் பின்பகுதியில் இருக்கிறது. அங்கே தொழிற்சாலையின் துப்பாக்கி மெக்கானிக்கான ஆர்மரர் உங்கள் ரிசீவருக்கென்றே பொருத்திய பரப்புகள் இன்னும் இருக்கின்றன.

ஒட்டும் முறை இப்படி. பழைய கட்டையை வெளிப்பட்டையின் அகலத்துக்குள் வரும்படி நேர்ச்சதுரமாக அறுங்கள். பின்பக்கம் உடைந்த ஒரு பழைய கட்டையின் முன்பகுதியை அதே இடத்தில் அறுங்கள். குழல் உட்காரும் பள்ளத்தின் சுவர்கள் மெல்லியவை, அங்கே பலம் கிடையாது. அடியில் உள்ள தடித்த மரத்தில் இரண்டு பித்தளை ஆணிகளைப் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் இறக்க வேண்டும். உள்பட்டையும் அதே வட்டாரத்தில் இருப்பதால் ஆணிகள் அதன் திருகுக்கு வழிவிட வேண்டும். ஒட்டும்போது நேர்கோடு தவறாமல் இருக்கத் துப்பாக்கியையே அச்சாகப் பயன்படுத்துங்கள். குழலுக்கு மெழுகு தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, கட்டையின் இரண்டு பகுதிகளையும் குழலில் மாட்டி, எபாக்சி வைத்து, நோஸ் கேப்பையும் தளர்வாகப் போட்டு, ஒரு நாள் அசையாமல் விடுங்கள். காய்ந்ததும் வெளிப்பட்டை மூட்டை மறைத்துவிடும். ரேகையும் நிறமும் ஓரளவு ஒத்துப்போகும் மரமாகத் தேர்ந்தெடுத்தால், தெரிந்தவரும் பட்டையைக் கழற்றினால்தான் கண்டுபிடிப்பார்.

முழுக் கட்டை வாங்கினால் அதைப் பொருத்துவதற்குப் பொறுமை வேண்டும். கவனிக்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன்.

மேகசின் துளைக்குப் பின்னால், கட்டையின் உட்புறம் இருபக்கமும் சாய்வான இரண்டு சிறு பரப்புகள் இருக்கும். ஆங்கிலத்தில் டிராஸ் என்பார்கள். சுடும்போது ரிசீவர் பின்னால் உதைக்கும் விசை முழுவதும் இந்த இரண்டு இடத்தில்தான் மரத்துக்குள் இறங்குகிறது. ஒன்று தொட்டு, மற்றொன்று தொடாமல் இருந்தால், தொடுகிற பக்கம் நாளடைவில் பிளக்கும், குறியும் அலையும். ரிசீவரின் அந்த முகங்களில் விளக்குக் கரியை மெல்லத் தடவி, கட்டையை ஏற்றி, கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டி, இறக்கிப் பாருங்கள். கரி ஒட்டிய இடமே தொடும் இடம். கூரான உளியால் அந்த மேட்டை மட்டும் சுரண்டுங்கள். சீவக் கூடாது, முடியளவு சுரண்ட வேண்டும். மறுபடி கரி, மறுபடி ஏற்றம். எனக்கு ஒரு கட்டைக்கு நாற்பது தடவைக்கு மேல் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. கடைசியில் இருபக்கமும் ஒரே அளவு கறுப்பு படிந்தபோது கிடைத்த நிறைவை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அந்தப் பரப்பின் மரம் எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆகியிருந்தால் சுரண்டிப் பயனில்லை. கெட்ட மரத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, காய்ந்த கடின மரத்துண்டை எபாக்சியில் ஒட்டி, அதன்மேல் பொருத்துங்கள். லித்கோ தன் மென்மையான மரங்களுக்காக இதே இடத்தில் சிறு செப்புத் தகடுகளைத் திருகி வைத்தது. உங்கள் கட்டையில் அவை இருந்தால் கழற்றிவிடாதீர்கள்.

அடுத்தது காலர். ட்ரிகர் கார்டின் முன் திருகு ஒரு சிறு உலோகக் குழாய்க்குள் போகும். மரம் நசுங்காமல் காப்பது அதன் வேலை. ஆனால் மரம் வருடக்கணக்கில் காய்ந்து சுருங்கியிருந்தால், திருகு காலரில் இறுகிவிடும், மரம் தளர்ந்தே இருக்கும். திருகு முறுக்காக இருக்கிறதே என்று ஏமாந்துவிடுவோம். முழுதாக இறுக்கிய பிறகு ரிசீவரையும் கட்டையையும் எதிரெதிரே அசைத்துப் பாருங்கள். ஆடினால் காலரைச் சிறிது அராவலாம். அதைவிட, ட்ரிகர் கார்டு உட்காரும் இடத்தில் மெல்லிய மரச்சில்லு ஒட்டி மரத்தை உயர்த்துவது மேல்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்த மாடலில் ட்ரிகர் ரிசீவரில் தொங்கவில்லை, ட்ரிகர் கார்டில் தொங்குகிறது. அது இழுத்து விடுவிக்கும் கொக்கியான சியர் ரிசீவரில் இருக்கிறது. நடுவில் இருப்பது மரம். மரம் ஏறி இறங்கினால் இரண்டுக்கும் உள்ள தூரம் மாறும், ட்ரிகரின் இழுப்பும் மாறும். இந்தக் குறையைப் போக்கத்தான் 1949இல் வந்த நம்பர் 4 மார்க் 2இல் ட்ரிகரை ரிசீவரிலேயே தொங்கவிட்டார்கள். உங்கள் நம்பர் 1இல் அந்த வசதி இல்லை. கட்டை பொருத்தியதும், வெறும் துப்பாக்கியில், ட்ரிகரை இழுத்துப் பாருங்கள். முதலில் ஓர் இலகுவான இழுப்பு, ஒரு தடை, பிறகு விடுபடுதல் என்று இரண்டு கட்டமாக வர வேண்டும். போல்ட்டை வேகமாகத் தள்ளி மூடும்போது ஒருமுறையேனும் தானாக விடுபட்டால், அதைத் தோட்டா பக்கமே கொண்டுபோகாமல் ஆர்மரரிடம் காட்டுங்கள்.

ஏழாம் படி: குழலும் நோஸ் கேப்பும்

குழலின் தடித்த அடிப்பகுதி கட்டையில் முழுதாக உட்கார வேண்டும். அதன் பிறகு குழல் மரத்தைத் தொடாமல் போக வேண்டும். நடுவில் உள்பட்டை தன் சுருள்வில்லால் குழலை மெல்லக் கீழே இழுக்கும். முன்முனையில் முளையும் சுருள்வில்லும் குழலை மேலே தள்ளி நோஸ் கேப் துளையின் மேல்பகுதியில் நிறுத்தும். உள்பட்டைத் திருகை அடித்து இறுக்காதீர்கள். அது சுருள்வில்லின் மேல் மிதக்க வேண்டியது.

எல்லாம் மாட்டியதும் கட்டைவிரலால் குழல் வாயைக் கீழே அழுத்துங்கள். சிறிது இறங்கி, விட்டதும் திரும்ப எழும்பினால் சரி. எழும்பாவிட்டால் எங்கோ மரம் குழலைப் பிடிக்கிறது. கரி தடவிக் கண்டுபிடியுங்கள். நோஸ் கேப்பைக் கையால் தள்ளினாலே உட்கார வேண்டும். திருகால் இழுத்து உட்கார வைத்தால் அது குழலையும் சேர்த்து வளைக்கும். 1907ஆம் ஆண்டு மாடல் பயனெட் உங்களிடம் இருந்தால் மாட்டிப் பாருங்கள். அதன் வளையம் நோஸ் கேப்பின் மூக்கில் வழுக்கி ஏறினால் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கின்றன.

ஹேண்ட்கார்டுகள் மெல்லியவை. பின் ஹேண்ட்கார்டு உட்புற வில்தகடுகளால் குழலைக் கவ்வும். அதை ஒரு பக்கமாக நெம்பினால் பார்வைக்குறியை ஒட்டிய இரண்டு நீண்ட காதுகளில் ஒன்று கையோடு வந்துவிடும்.

எட்டாம் படி: பின்கட்டை

ரப்பர் மெத்தை ஒட்டுவதற்காகப் பலர் பின்கட்டையை நறுக்கியிருப்பார்கள். அப்படியானால் மாற்றுங்கள். அசலில் இவை பல நீளங்களில் வந்தன. குட்டையானதற்கும் நீளமானதற்கும் மேலே எழுத்து குத்தியிருக்கும், சாதாரண நீளத்துக்கு எழுத்து கிடையாது. சாக்கெட்டில் முன்முனை இறுக்கமாகச் சேர வேண்டும். ஆடினால் மெல்லிய அட்டைச் சுற்று வைத்து இறுக்கலாம். பின்கட்டைப் போல்ட்டை முறுக்கி முடிக்கும்போது அதன் சதுரமுனை நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போதுதான் முன்கட்டையின் தகடு அதன்மேல் இறங்கும்.

ஒன்பதாம் படி: எண்ணெய்

ராணுவம் பயன்படுத்தியது காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய். வார்னிஷும் பாலியூரித்தேனும் எவ்வளவு அழகாக மின்னினாலும் இந்த மரத்துக்கு அந்நியம். எண்ணெயைச் சற்றே சூடாக்கி, உள்ளங்கையால் தேய்த்து ஏற்றி, கால்மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் சில நாள் இடைவெளி கொடுங்கள். பத்துப் பூச்சுக்கு மேல் போனால் பழைய மரமும் புதிதாக ஒட்டிய மரமும் ஒன்றோடொன்று சேர ஆரம்பிக்கும். கட்டையின் உட்புறத்துக்கும் பூசுங்கள், ஈரம் அங்கிருந்துதான் ஏறும்.

ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். இதை மிகையாகச் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

பத்தாம் படி: சுடுவதற்கு முன்

ஹெட்ஸ்பேஸ் பார்க்காமல் ஒரு தோட்டாவும் வைக்கக் கூடாது. .303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்பு வந்து முட்டும் குழலின் பின்முகத்துக்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள இடமே இங்கே கணக்கு. 0.064 அங்குல அளவியின் மேல் போல்ட் மூட வேண்டும், 0.074 அளவியின் மேல் மூடக் கூடாது. லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் தலை தனியாகக் கழன்று வருவதால் இந்த அளவு சரியில்லாவிட்டால் தலையை மாற்றிப் பார்க்க வழியுண்டு. ஆனால் போல்ட் உடலே வேறு துப்பாக்கியுடையது என்றால் அதன் தாங்கு முகங்கள் உங்கள் ரிசீவரில் சரியாகப் பொருந்துகின்றனவா என்பதையும் ஆர்மரர் பார்க்க வேண்டும். முதல் தடவை அவரிடம் கொடுத்தே சோதித்துவிடுங்கள். பழைய ராணுவத் தோட்டாக்களின் அடியில் உள்ள பற்றவைக்கும் பொடி (பிரைமர்) உப்பை விட்டுச் செல்லும். அவற்றைச் சுட்டால் அன்றே கொதிநீர் ஊற்றிக் குழலைக் கழுவ வேண்டும், வெறும் எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது.

இன்னொன்று, புதிதாக வந்த நோஸ் கேப்பிலும் கட்டையிலும் உங்கள் துப்பாக்கியின் எண்ணைக் குத்திப் 'பொருந்தியது' ஆக்காதீர்கள். பழைய எண்ணை அராவவும் வேண்டாம். நான் ஒரு சிறு தாளில், எது அசல், எது மாற்றியது, மூட்டு எங்கே இருக்கிறது, எந்த மாதம் முடித்தேன் என்று எழுதி, எண்ணெய்த்தாளில் சுற்றி, பின்கட்டையின் அடித்தகட்டில் திறக்கும் சிறு பொந்துக்குள் எண்ணெய்க் குப்பிக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். என்னிடமிருந்து அது யார் கைக்குப் போனாலும் அவர் ஏமாற மாட்டார்.

முதல் இருபது தோட்டா சுட்டதும் முன்கட்டையை மறுபடி கழற்றுங்கள். அந்த இரண்டு சாய்வுப் பரப்புகளிலும் ரிசீவர் அழுத்திய தடம் மினுமினுப்பாகத் தெரியும். இரண்டும் ஒரே அகலத்தில் இருந்தால் திரும்பப் பூட்டி, ட்ரிகர் கார்டு திருகை இன்னொரு முறை இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மின்னினால், விளக்குக் கரியை எடுத்துக்கொண்டு ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.